ஒரு கோப்பு, மூன்று உரிமையாளர்கள்: டேபிள் உறவை எந்த வழியில் அமைப்பது?

தரவை டேபிள்களாக வைத்திருக்கும் ரிலேஷனல் டேட்டாபேஸில் இரண்டு டேபிள்களுக்கு நடுவே உறவு அமைப்பது பெரும்பாலும் சிரமமில்லாத வேலை. ஒரு வாடிக்கையாளருக்குப் பல ஆர்டர்கள் என்றால், ஆர்டர் டேபிளில் வாடிக்கையாளர் எண்ணை வைத்து ஒரு ஃபாரின் கீ (அந்த எண் வாடிக்கையாளர் டேபிளில் உண்மையாகவே இருக்க வேண்டும் என்ற விதி) போட்டால் முடிந்தது. ஒரு மாணவருக்குப் பல பாடங்கள், ஒரு பாடத்துக்குப் பல மாணவர்கள் என்றால் நடுவில் ஓர் இணைப்பு டேபிள். இவற்றில் விவாதிக்க ஒன்றும் இல்லை. ஒரே டேபிளில் இருக்கும் பதிவுகள் வெவ்வேறு டேபிள்களுக்குச் சொந்தமாக இருக்கும்போதுதான் விவாதம் தொடங்குகிறது.

அலுவலக மென்பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பில், கொள்முதல் ஆர்டர், புகார் என்று மூன்று டேபிள்கள். மூன்றோடும் கோப்புகளை இணைக்கலாம்: ஸ்கேன் செய்த ரசீது, புகைப்படம், கையெழுத்திட்ட ஒப்பந்தம், எதுவானாலும். கோப்பின் பெயர், அளவு, சேமித்த இடம், ஏற்றியவர், ஏற்றிய நேரம் எல்லாம் மூன்றுக்கும் ஒன்றுதான். ஆகவே கோப்பு என்று ஒரு டேபிள் இருந்தால் போதும் என்று தோன்றும். அந்தக் கோப்பு யாருடையது என்பதை எப்படி எழுதுவது? ஃபாரின் கீ ஒரு டேபிளைத்தான் சுட்டும். "இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை" என்று சொல்ல, டேட்டாபேஸோடு பேசும் மொழியான எஸ்கியூஎல்லில் நேரடியான வழி கிடையாது.

நடைமுறையில் இதற்கு நான்கு வழிகள் உண்டு. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தப்பான பதிவு வந்தால் டேட்டாபேஸே அதை மறுக்கக்கூடிய அமைப்பு எதுவோ, அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த வசதியை விட்டுக்கொடுப்பதற்கு வலுவான காரணம் இருக்க வேண்டும். "எழுதச் சுலபம்" என்பது அந்த அளவுக்குப் போதாது.

வகையும் எண்ணும்

முதல் வழி எல்லோருக்கும் தெரிந்தது. கோப்பு டேபிளில் இரண்டு புலங்கள்: ஒன்றில் உரிமையாளரின் வகை ("பில்", "ஆர்டர்", "புகார்"), இன்னொன்றில் அந்த உரிமையாளரின் எண். இதற்குப் பாலிமார்ஃபிக் உறவு என்று பெயர். ரெயில்ஸ் என்ற ஃபிரேம்வொர்க்கில் (மென்பொருள் எழுதுவதற்கான ஆயத்தச் சட்டகம்) இது ஒரு வரி வேலை. லாராவெல்லிலும் அப்படித்தான். ஜாங்கோவில் ஜெனரிக் ஃபாரின் கீ என்று பெயரே வைத்திருக்கிறார்கள், ஆனால் டேட்டாபேஸ் அளவில் அந்த எண் புலத்தின் மீது ஃபாரின் கீ எதுவும் இருக்காது.

இதன் கவர்ச்சி உண்மையானது. நாளைக்கு நான்காவதாக ஒரு வகை வந்தால் டேபிளைத் தொடவே வேண்டாம். எல்லாக் கோப்புகளும் ஒரே இடத்தில் இருக்கும். இரண்டு புலங்களுக்கும் சேர்த்து ஓர் இண்டெக்ஸ் (பதிவுகளை விரைவாகத் தேட உதவும் அட்டவணை) போதும்.

அப்புறம் விலை. 512 என்ற எண்ணில் பில் இருக்கிறதா என்று டேட்டாபேஸ் பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. பில் நீக்கப்பட்டால் அதன் கோப்புகள் அனாதைப் பதிவுகளாகத் தங்கிவிடும். ஃபிரேம்வொர்க்கில் இதற்கென்று அமைப்புகள் உண்டு என்பது சரிதான். ஆனால் அவை அந்த ஃபிரேம்வொர்க் வழியாகப் போகும் நீக்கத்துக்கு மட்டுமே வேலை செய்யும். யாராவது நேரடியாக எஸ்கியூஎல் எழுதி நீக்கினாலோ, ரெயில்ஸிலேயே கால்பேக்குகளை (நீக்கும்போது தானாக ஓடும் நிரல் துண்டுகளை) தாண்டிப் போகும் மொத்த நீக்கத்தைப் பயன்படுத்தினாலோ, இன்னொரு மொழியில் எழுதிய சர்வீஸ் அதே டேட்டாபேஸைத் தொட்டாலோ, அந்தப் பாதுகாப்பு அங்கே இல்லை.

அனாதைப் பதிவு என்றால் கொஞ்சம் குப்பை, அவ்வளவுதானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நான் அப்படி விடமாட்டேன். வரிசையாக ஏறும் எண்களைப் பிரைமரி கீயாக, அதாவது பதிவின் அடையாள எண்ணாக, வைத்திருந்தால் 512 என்ற எண் பில்லிலும் இருக்கும், ஆர்டரிலும் இருக்கும், புகாரிலும் இருக்கும். வகைப் புலத்தில் ஒரு தவறு நேர்ந்தால் பிழைச் செய்தி வராது. ஒரு வாடிக்கையாளரின் கோப்பு வேறொருவரின் பக்கத்தில் அமைதியாகத் தெரியும்.

இன்னும் மோசமான நிலை, நீக்கிய எண்ணே மறுபடி வழங்கப்படுவது. எஸ்கியூலைட் டேட்டாபேஸில் ஆட்டோஇன்கிரிமென்ட் (ஒருமுறை வழங்கிய எண்ணை மறுபடி வழங்காதே என்ற குறிப்பு) என்று தனியாகச் சொல்லாவிட்டால், இருப்பதில் பெரிய எண்ணோடு ஒன்றைக் கூட்டித்தான் அடுத்த எண் வரும். கடைசிப் பதிவை நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்றைச் சேர்த்தால் அதே எண் கிடைக்கும். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் 8.0 பதிப்புக்கு முன்புவரை, அதன் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபி அந்த எண்ணிக்கையை நினைவகத்தில் மட்டும் வைத்திருந்தது. சர்வரை நிறுத்தித் தொடங்கினால், டேபிளில் மிஞ்சியிருக்கும் பெரிய எண்ணிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கும். இப்படி ஒரு சூழலில் நீக்கிய புகாரின் அனாதைக் கோப்புகள் புதிய புகாரோடு தானாகவே ஒட்டிக்கொள்ளும். புகாரில் மருத்துவச் சான்றோ அடையாள அட்டையின் நகலோ இருந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எங்கும் திரும்ப வராதபடி உருவாக்கப்படும் யூயூஐடி என்ற நீண்ட அடையாளத்தைப் பயன்படுத்தினால் இந்த மோதல் நேராது. ஆனாலும் அனாதைப் பதிவு அனாதையாகவேதான் இருக்கும்.

வகைப் புலத்தில் பெயரை எழுதி வைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ரெயில்ஸிலும் லாராவெல்லிலும் இயல்பாக அங்கே பதிவாவது நிரலில் உள்ள கிளாஸின் பெயர். நிரலில் அந்தப் பெயரை மாற்றினால் டேட்டாபேஸில் உள்ள பழைய பதிவுகளையும் மாற்ற வேண்டும். லாராவெல்லில் இதைத் தவிர்க்க, கிளாஸ் பெயருக்குப் பதில் நாமே தரும் சிறு பெயரைச் சேமிக்கும் வசதி இருக்கிறது. முதல் வழியில்தான் போயாக வேண்டும் என்றால் அதை முதல் நாளே செய்துவிடுவது நல்லது. கிட்லாப் நிறுவனம் தன் நிரலாளர்களுக்கு வெளிப்படையாக வெளியிட்டிருக்கும் வழிகாட்டியில் பாலிமார்ஃபிக் உறவே வேண்டாம், தனித்தனி டேபிள்களைப் பயன்படுத்துங்கள் என்றே எழுதியிருக்கிறது. அதுவும் ரெயில்ஸில் எழுதப்பட்ட மென்பொருள்தான்.

"நாங்கள் எதையும் நீக்குவதே இல்லை, நீக்கியதாகக் குறி மட்டும் போடுவோம், அதனால் ஃபாரின் கீ தேவையில்லை" என்ற வாதத்தையும் அடிக்கடி கேட்கலாம். ஃபாரின் கீ நீக்கத்தை மட்டும் காப்பதில்லை. இல்லாத எண்ணோடு ஒரு பதிவு உள்ளே வருவதையும் அதுதான் தடுக்கிறது. தனியுரிமைச் சட்டப்படி ஒருவர் தன் தரவை அழிக்கச் சொன்னால், அன்றைக்கு உண்மையான நீக்கம் நடந்தே தீரும்.

உரிமையாளருக்கு ஒரு புலம்

இரண்டாவது வழி பார்வைக்கு அழகாக இருக்காது. கோப்பு டேபிளில் பில் எண், ஆர்டர் எண், புகார் எண் என்று மூன்று புலங்கள். மூன்றும் காலியாக (NULL) இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் உண்மையான ஃபாரின் கீ. அதற்கு மேல் ஒரு செக் கட்டுப்பாடு: மூன்றில் சரியாக ஒன்று மட்டும் நிரம்பியிருக்க வேண்டும்.

இரண்டு முதல் ஐந்து வகை உரிமையாளர்கள் வரை இருந்தால் நான் எடுப்பது இதைத்தான். தப்பான எண் உள்ளே வராது. இரண்டு உரிமையாளர்கள் கொண்ட கோப்பும் வராது, யாருக்கும் சொந்தமில்லாத கோப்பும் வராது. பில்லை நீக்கினால் கோப்பும் போக வேண்டுமா, கோப்பு இருக்கும்வரை பில்லை நீக்கவே கூடாதா என்பதை ஒவ்வோர் உரிமையாளருக்கும் தனித்தனியாக முடிவு செய்யலாம். உதாரணமாக, கணக்குத் தணிக்கைக்காகப் பில்லுக்கு நீக்கத் தடை, புகாருக்குக் கேஸ்கேட் (புகாரோடு அதன் கோப்புகளும் தானாக நீங்குவது). முதல் வழியில் இந்த வேறுபாட்டை நிரலில்தான் எழுத முடியும். இங்கே அது டேபிளின் வரையறையிலேயே எல்லோரும் படிக்கும்படி இருக்கிறது.

காலிப் புலங்கள் இடத்தை வீணாக்கும் என்ற பயம் பெரும்பாலும் தேவையில்லாதது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரு புலம் காலி என்பதைக் குறிக்கப் பதிவின் தலைப்பகுதியில் ஒரே ஒரு பிட் போதும். இண்டெக்ஸையும் காலியாக இல்லாத பதிவுகளுக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம். பகுதி இண்டெக்ஸ் எனப்படும் இந்த வசதி எஸ்கியூலைட்டிலும் எஸ்கியூஎல் சர்வரிலும் இருக்கிறது, மைஎஸ்கியூஎல்லில் இல்லை. இண்டெக்ஸ் என்றதும் இதையும் சொல்ல வேண்டும்: மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி, ஃபாரின் கீ போட்ட புலத்துக்கு இண்டெக்ஸ் இல்லையென்றால் தானே உருவாக்கிக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் உருவாக்காது. அதை மறந்துவிட்டால் ஒவ்வொரு பில்லை நீக்கும்போதும் கோப்பு டேபிள் முழுவதும் தேடப்படும். டேபிள் சிறியதாக இருக்கும்வரை இது கண்ணில் படாது.

செக் கட்டுப்பாட்டை எழுதுவதும் எளிது. போஸ்ட்கிரெஸில் 9.6 பதிப்பிலிருந்து, தரும் மதிப்புகளில் காலியாக இல்லாதவை எத்தனை என்று எண்ணிச் சொல்லும் ஃபங்ஷன் ஒன்று உண்டு. அது ஒன்றுக்குச் சமம் என்று எழுதினால் வேலை முடிந்தது. மற்ற இடங்களில் ஒவ்வொரு புலமும் காலியில்லையா என்ற சோதனையின் விளைவைக் கூட்ட வேண்டும். ஒரு கவனம் மட்டும் தேவை: உரிமையாளரை நீக்கும்போது புலத்தைக் காலியாக்கு என்ற விதியை இங்கே வைக்கக் கூடாது. வைத்தால் மூன்றும் காலியாகி, செக் கட்டுப்பாடு மீறப்பட்டு, நீக்கமே தோல்வியடையும்.

இதன் குறையும் தெளிவானது. ஒவ்வொரு புது வகைக்கும் ஒரு புலம், ஒரு ஃபாரின் கீ, ஓர் இண்டெக்ஸ், திருத்திய செக் கட்டுப்பாடு என்று வேலை வரும். அந்த வேலை பெரியதில்லை. ஆனால் வகைகள் பத்தைத் தாண்டினால் டேபிளைப் படிப்பதே சிரமமாகிவிடும். கோப்பு மட்டுமல்லாமல் குறிப்பு, ஒப்புதல், நினைவூட்டல் என்று மற்ற டேபிள்களும் இதே உரிமையாளர்களைச் சுட்ட ஆரம்பித்தால் புலங்கள் பெருகும். ஆறு வகை உரிமையாளர்கள், அவர்களோடு ஒட்டும் டேபிள்கள் நான்கு என்றால் 24 ஃபாரின் கீ. அந்தக் கட்டத்தில் நான்காவது வழிக்குப் போவது நல்லது.

தனித்தனி டேபிள்கள்

மூன்றாவது வழியில் பில்_கோப்பு, ஆர்டர்_கோப்பு, புகார்_கோப்பு என்று மூன்று டேபிள்கள். ஒவ்வொன்றிலும் காலியாக இருக்க முடியாத ஒரே ஃபாரின் கீ. செக் கட்டுப்பாடு எதுவும் தேவையில்லை. மூன்றின் தேவைகளும் காலப்போக்கில் பிரிந்து போகும் என்று தெரிந்தால் இதைவிடச் சுத்தமான அமைப்பு கிடையாது. புகாரின் கோப்புக்கு மட்டும் ரகசியக் குறி வேண்டும், பில்லின் கோப்புக்கு மட்டும் வரி ஆண்டு வேண்டும் என்றால் அந்தப் புலங்கள் உரிய டேபிளில் மட்டும் இருக்கும்.

"கடைசியாக ஏற்றிய எல்லாக் கோப்புகளையும் காட்டு" என்று கேட்டால் மூன்றையும் யூனியன் ஆல் போட்டு இணைக்க வேண்டும். இதை ஒரு வியூவுக்குள் (பெயர் வைத்துச் சேமித்த குவெரிக்குள்) மறைத்துவிடலாம், அது பெரிய தொல்லையில்லை. உண்மையான தொல்லை, கோப்பையே வேறொன்று சுட்டும்போதுதான் வரும். யார் எப்போது எந்தக் கோப்பைப் பதிவிறக்கினார் என்ற டேபிள் வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். அது எந்தக் கோப்பு டேபிளைச் சுட்டும்? மூன்றில் ஒன்றை. நாம் தீர்த்துவிட்டதாக நினைத்த அதே சிக்கல் ஒரு படி கீழே இறங்கி நிற்கிறது. ஆகவே கோப்பு மற்ற டேபிள்களால் சுட்டப்படாத கடைசிக் கண்ணி என்றால் மட்டுமே இந்த வழி எனக்குச் சரி.

இதன் கிளை ஒன்றும் உண்டு: கோப்பு டேபிள் ஒன்றே இருக்கும், உரிமையாளருக்கு ஒன்றாக இணைப்பு டேபிள்கள் மட்டும் தனித்தனி. ஒரே கோப்பு ஒரு பில்லோடும் ஒரு புகாரோடும் சேர்ந்தே இருக்கலாம் என்பது உண்மையான தேவையாக இருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை, இதுதான் வழி. அப்படித் தேவை இல்லாதபோது இதை எடுத்தால், ஒரு கோப்புக்கு ஒரே உரிமையாளர் என்ற விதியை டேட்டாபேஸிடம் சொல்ல இடமில்லாமல் போகும். இணைப்பை நீக்கிய பிறகு கோப்பு தனியாகக் கிடக்கும், அதைத் தேடி நீக்கும் வேலையும் நம்மிடம் வந்து சேரும். கோப்பு எண்களை ஜேசன் பட்டியலாகப் பில்லுக்குள்ளேயே வைத்துவிடலாம் என்ற யோசனையும் சில குழுக்களில் எழும். அந்தப் பட்டியலுக்குள் இருக்கும் எண்களுக்கு ஃபாரின் கீ போட முடியாது என்பதால் அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

பொதுப் பெற்றோர் டேபிள்

நான்காவது வழி சிக்கலைத் தலைகீழாகப் பார்க்கிறது. கோப்பு மூன்று டேபிள்களைச் சுட்டுவதற்குப் பதிலாக, அந்த மூன்றுக்கும் பொதுவாக ஆவணம் என்று ஒரு டேபிளை உருவாக்குகிறோம். பில், ஆர்டர், புகார் ஒவ்வொன்றும் ஓர் ஆவணம். கோப்பு இப்போது ஆவணத்தை மட்டும் சுட்டும்: ஒரே புலம், காலியாக இருக்க முடியாது, உண்மையான ஃபாரின் கீ. குறிப்பு, ஒப்புதல், நினைவூட்டல் எல்லாமும் அப்படியே. முன்பு 24 ஃபாரின் கீ கேட்ட அதே அமைப்புக்கு இங்கே பத்துப் போதும்: ஆறு உரிமையாளர்களிடமிருந்து ஆவணத்துக்கு ஆறு, ஒட்டும் டேபிள்களிலிருந்து நான்கு.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரே ஆவண எண்ணைப் பில்லும் புகாரும் ஒரே நேரத்தில் உரிமை கொண்டாடாமல் எப்படித் தடுப்பது? ஆவணம் டேபிளில் வகை என்று ஒரு புலம் வைத்து, எண்ணும் வகையும் சேர்ந்த ஜோடிக்கு யூனிக் கட்டுப்பாடு (ஒரே ஜோடி இரண்டு முறை வரக் கூடாது என்ற விதி) போட வேண்டும். பில் டேபிளிலும் வகைப் புலம் இருக்கும், அதன் மதிப்பு எப்போதும் "பில்" மட்டுமே என்று செக் கட்டுப்பாடு சொல்லும். பில்லிலிருந்து ஆவணத்துக்குப் போகும் ஃபாரின் கீ இரண்டு புலங்களையும் சேர்த்துப் போகும். இப்போது "புகார்" வகை ஆவணத்தின் மீது பில் பதிவு உட்கார முடியாது. வகைப் புலத்தைக் காலியாக விட அனுமதிக்காதீர்கள். கூட்டு ஃபாரின் கீயில் ஒரு புலம் காலியாக இருந்தாலும், இயல்பான அமைப்பில் சரிபார்ப்பே நடக்காமல் பதிவு உள்ளே போய்விடும்.

விலை என்ன? ஒவ்வொரு பில்லைச் சேர்க்கும்போதும் இரண்டு டேபிள்களில், இரண்டும் சேர்ந்தே நடக்கும்படியோ சேர்ந்தே ரத்தாகும்படியோ, ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள், எழுத வேண்டும். நீக்கும்போது பில்லை நீக்கினால் ஆவணம் மிஞ்சும். ஆகவே ஆவணத்தை நீக்கி, அங்கிருந்து கேஸ்கேட் கீழே இறங்கும்படி வைக்க வேண்டும். குழுவில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். எந்த உரிமையாளரும் இல்லாத வெற்று ஆவணம் உருவாவதைச் சாதாரண கட்டுப்பாடுகளால் தடுக்க முடியாது என்பதும் உண்மை. ஆனால் அந்தக் குறை வேறொருவரின் கோப்பைக் காட்டிவிடாது என்பதால் அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடிகிறது.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பில் இதைக் கொண்டுவருவது கடினம் என்று சொல்வார்கள். பில்லிலும் 512 உண்டு, ஆர்டரிலும் 512 உண்டு, எல்லாவற்றுக்கும் புது எண் கொடுக்க வேண்டுமே என்பது காரணம். அப்படிக் கொடுக்க வேண்டியதில்லை. பழைய பிரைமரி கீயை அப்படியே விட்டுவிட்டு, ஒவ்வோர் உரிமையாளர் டேபிளிலும் ஆவண எண் என்று தனிப் புலம் சேர்த்து, அதற்கு யூனிக் கட்டுப்பாடும் ஃபாரின் கீயும் போட்டால் போதும்.

முதல் வழி எப்போது சரி?

அதைக் கடுமையாகப் பேசிவிட்டதால், அது பொருந்தும் இடத்தையும் சொல்வதுதான் நியாயம். யார் எதை எப்போது மாற்றினார் என்ற தணிக்கைப் பதிவு நல்ல உதாரணம். அங்கே பில் நீக்கப்பட்ட பிறகும் "இந்தப் பில் நீக்கப்பட்டது" என்ற பதிவு இருந்தாக வேண்டும். ஃபாரின் கீ இருந்தால் அதுவே தடை. வகையும் எண்ணும் அங்கே உறவைக் குறிப்பதில்லை, நடந்த ஒன்றின் விவரமாக நிற்கின்றன. இன்னோர் இடம், உரிமையாளர்கள் வேறு டேட்டாபேஸில் இருக்கும்போது. போஸ்ட்கிரெஸில் ஒரு டேட்டாபேஸிலிருந்து இன்னொன்றுக்கு ஃபாரின் கீ போட முடியாது. அப்போது தேர்வே இல்லை, அனாதைப் பதிவுகளைத் தேடும் குவெரியைக் குறித்த இடைவெளியில் ஓட்டி, கிடைப்பதை ஒருவர் கவனிக்கும்படி வைக்க வேண்டும்.

1970இல் எட்கர் காட் ரிலேஷனல் மாடலை முன்வைத்த கட்டுரையிலேயே ஃபாரின் கீ என்ற சொல் வந்துவிட்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக மெருகேறிய ஒரு வசதி அது. ஆனாலும் அது உண்மையில் இயங்குகிறதா என்று சோதித்துப் பார்க்காமல் நம்பக் கூடாது. எஸ்கியூலைட்டில் ஃபாரின் கீ சரிபார்ப்பு இயல்பாக அணைந்தே இருக்கும், ஒவ்வொரு இணைப்பிலும் அதை இயக்க வேண்டும். மைஎஸ்கியூஎல் 8.0.16க்கு முன்பு செக் கட்டுப்பாட்டை ஏற்றுக்கொண்டதுபோல் காட்டிவிட்டு, அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். மைஎஸ்கியூஎல்லின் பழைய சேமிப்பு இயந்திரமான மைஐசாமின் டேபிள்களில் ஃபாரின் கீக்கும் அதே கதி. மைஎஸ்கியூஎல் 8.0இல் புலத்தின் வரையறைக்குள்ளேயே ஃபாரின் கீயை எழுதினாலும் அது செயல்படாது, தனி வரியாக எழுத வேண்டும். நான்கில் எந்த வழியை எடுத்தாலும், வேண்டுமென்றே ஒரு தப்பான பதிவைச் சேர்க்கப் பார்த்து, அது மறுக்கப்படுகிறதா என்று உறுதி செய்யும் ஒரு டெஸ்ட்டை எழுதி வைத்துவிடுங்கள்.

ஏற்கெனவே முதல் வழியில் இருப்பவர்கள் இரண்டாவதற்கு நகர்வது எதிர்பார்ப்பதைவிடச் சுலபம். போஸ்ட்கிரெஸில் இயல்பு மதிப்பு இல்லாத காலிப் புலத்தைச் சேர்ப்பது டேபிளைத் திருப்பி எழுதாது, உடனே முடிந்துவிடும். முதலில் மூன்று புலங்களையும் சேர்த்து, புதிய பதிவுகள் பழைய புலங்களிலும் புதிய புலங்களிலும் எழுதப்படும்படி நிரலை மாற்றுங்கள். அடுத்து பழைய பதிவுகளைச் சிறு சிறு தொகுதிகளாக நிரப்புங்கள். நிரப்பும் முன் ஒவ்வொரு வகைக்கும் ஒரு லெஃப்ட் ஜாயின் (ஜோடி கிடைக்காத பதிவுகளையும் காட்டும் இணைப்பு) ஓட்டினால் உரிமையாளர் இல்லாத கோப்புகள் பட்டியலாக வந்துவிடும். அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நீக்காதீர்கள், தனி டேபிளுக்கு நகர்த்திவிட்டு, பொறுப்பானவர்களிடம் காட்டி முடிவெடுங்கள். அதன் பிறகு ஃபாரின் கீயையும் செக் கட்டுப்பாட்டையும், பழைய பதிவுகளை இப்போதைக்குச் சரிபார்க்க வேண்டாம் என்ற குறிப்போடு சேர்த்தால் நீண்ட பூட்டு விழாது, புதிய பதிவுகள் அந்த நொடியிலிருந்தே சரிபார்க்கப்படும். பழையவற்றுக்கான சரிபார்ப்பைத் தனிக் கட்டளையாகப் பிறகு ஓட்டலாம், அது நடக்கும்போது டேபிளில் எழுதுவது தடைபடாது. அதுவும் தேறிவிட்டால், எந்த நிரலும் பழைய இரண்டு புலங்களைப் படிப்பதில்லை என்று உறுதி செய்துகொண்டு அவற்றை நீக்கிவிடலாம்.